விரல் செய்யும் வேலை

அன்புள்ள ஐயா,

பேரன் போனில் இருக்கும் விளையாட்டுகளின் பட்டியலோடு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பி.ஜி.எம்.ஐ., கால் ஆஃப் டியூட்டி, க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ், ஜென்ஷின் இம்பாக்ட், ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ். ஐந்திலும் யாரோ ஆயுதத்தோடு ஓடுகிறார்கள், யாரோ சாகிறார்கள். ஆனால் ஒன்றை ஆக்‌ஷன் என்கிறார்கள், ஒன்றை ஸ்ட்ராட்டஜி என்கிறார்கள், இன்னொன்றை ஆர்.பி.ஜி. என்கிறார்கள், எதை வைத்துப் பிரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பேரனிடம் கேட்டால் "விளையாடிப் பாருங்க தாத்தா, தெரியும்" என்கிறானாம். பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் காலமெல்லாம் தமிழ் இலக்கணம் நடத்தியவருக்கு அது போதாது. வகை என்று ஒன்று இருந்தால் அதற்கு விதி ஒன்று இருக்க வேண்டும் என்பீர்கள். இதே குழப்பம் வேறு சில வாசகர்களுக்கும் இருப்பதால் உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

நமக்குப் பழக்கமான வகைப்பாடு சினிமாவுடையது. பேய்ப்படம், போலீஸ் படம், கிராமத்துப் படம், சரித்திரப் படம் என்று கதையையும் களத்தையும் பார்த்துப் பிரிக்கிறோம். அந்தக் கண்ணோடு வீடியோ கேமைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்த மாதிரி எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஏனென்றால் இங்கே வகை திரையில் இல்லை, விரலில் இருக்கிறது.

1998-ல் சேகா நிறுவனம் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட் 2' என்ற ஆர்கேட் விளையாட்டைக் கொண்டுவந்தது. கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. திரையில் எழுந்து வரும் பிணங்களைக் குறிபார்த்துச் சுட வேண்டும். மறு வருடம் அதே சேகா 'தி டைப்பிங் ஆஃப் தி டெட்' என்று ஒன்றை வெளியிட்டது. அதே நகரம், அதே பிணங்கள், அதே கதை. துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீபோர்டை வைத்தார்கள். ஒவ்வொரு பிணத்தின் மேலும் ஒரு சொல்லோ தொடரோ எழுதியிருக்கும். அது பக்கத்தில் வருவதற்குள் பிழையில்லாமல் தட்டச்சு செய்துவிட்டால் அது சுருண்டு விழும். போதாக்குறைக்கு, கதாநாயகர்கள் கீபோர்டை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு பேய்களைத் துரத்துவார்கள். படமாக எடுத்திருந்தால் இரண்டும் ஒரே வகைப் பேய்ப்படம். விளையாட்டாக ஒன்று துப்பாக்கி விளையாட்டு, மற்றது தட்டச்சுப் பயிற்சி.

இதைவிடத் தெளிவான ஜோடி ஒன்று உண்டு. 'போர்ட்டல்' 2007-ல் வந்தது. வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் 2 என்ற புகழ்பெற்ற ஷூட்டிங் கேமைக் கட்டிய அதே மென்பொருள் எஞ்சினில் கட்டியது. கதாநாயகியின் கண் வழியாகவே பார்க்கிறோம், திரையின் கீழ் ஓரத்தில் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது, சுடுகிறோம். ஆனால் அந்தத் துப்பாக்கி யாரையும் காயப்படுத்தாது. ஒரு சுவரில் ஒரு வாசலையும் இன்னொரு சுவரில் இன்னொரு வாசலையும் திறக்கும். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். விளையாடுபவர் நேரமெல்லாம் செலவாவது குறிபார்ப்பதில் அல்ல, அறை நடுவில் நின்று யோசிப்பதில். அது புதிர் விளையாட்டு. எதிர்ப்பக்கம், 1999-ல் நின்டெண்டோவுக்கு வந்த 'போகிமான் ஸ்னாப்'. துப்பாக்கியே கிடையாது, கேமராதான். தண்டவாளத்தில் தானாக நகரும் வண்டியில் உட்கார்ந்து, பாய்ந்து ஒளியும் பிராணிகளைப் படம் பிடிக்க வேண்டும். சாதுவான குழந்தை விளையாட்டுபோல இருக்கும். ஆனால் விரல் செய்வது என்ன? ஓடும் இலக்கைத் தேடுவது, சட்டத்துக்குள் கொண்டுவருவது, சரியான கணத்தில் பொத்தானை அழுத்துவது, படத்துக்கு மதிப்பெண் வாங்குவது. வண்டி தானே நகரும் ஷூட்டிங் கேம்களின் எலும்புக்கூடு அப்படியே உள்ளே இருக்கிறது.

உங்களுக்கு இதை விளக்க நான் மேல்நாட்டு ஆய்வாளர்களிடம் போக வேண்டியதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்லி, உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுக்கிறாரே, அது போதும். நிலமும் பொழுதும் மாறட்டும், விலங்கும் பறையும் மாறட்டும். மாந்தர் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாட்டின் திணையை நிறுத்துகிறது. பிணமும் துப்பாக்கியும் பாழடைந்த நகரமும் வீடியோ கேமின் முதலும் கருவும். திரும்பத் திரும்ப விரல் செய்யும் காரியம் அதன் உரி.

நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999-ல் வந்தது. பிரவுசிங் சென்டர் காலத்துப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். 2022-ல் அதற்கு வந்த ஒரு விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். உருமி சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்தும் ஒரு கதைவரிசை எல்லாம் உண்டு. நம் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் ராஜேந்திரனாக உட்கார்ந்து நாம் செய்வது என்ன? கிராமத்தாரை அனுப்பி மரம் வெட்டுவது, உணவு சேர்ப்பது, தங்கமும் கல்லும் தோண்டுவது, அந்தப் பொருளை வைத்துப் படை கட்டுவது. இங்கிலாந்து வில்லாளிகளையோ மங்கோலியக் குதிரைப்படையையோ வைத்து விளையாடினாலும் இதே வேலைதான். நாடு மாறியது, நாயகன் மாறினான், ஜானர், அதாவது வகை, மயிரிழைகூட நகரவில்லை.

ஆய்வாளர்களும் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கிறிஸ் கிராஃபோர்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1984-ல் எழுதிய நூலில் கணினி விளையாட்டுகளை இரண்டே பெரும் பிரிவாக வைத்தார்: கைத்திறனைக் கேட்பவை, வியூகத்தைக் கேட்பவை. மார்க் வுல்ஃப் என்ற பேராசிரியர் 2001-ல் வந்த தன் புத்தகத்தில், சினிமாவுக்கு உதவும் களமும் கருப்பொருளும் இங்கே பயன்படாது, ஊடாட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று வாதிட்டு, 42 வகைகளை அடுக்கினார். இரண்டு என்பது குறைச்சல், நாற்பத்திரண்டு என்பது கடைக்காரர் பட்டியல். ஆனால் இருவரும் பார்த்த திசை சரி.

இதுவரை சுலபம். "சரி, விரல் செய்யும் வேலை என்று சொல்லிவிட்டீர்கள், ஒரு விளையாட்டில் விரல் நூறு வேலை செய்கிறதே, அதில் எது உரிப்பொருள்?" என்று அடுத்த கேள்வியை நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய விளையாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் 'ரோக்' என்று ஒன்றை எழுதினார்கள். பெர்க்லியிலிருந்த கென் ஆர்னால்டு பிறகு அவர்களோடு சேர்ந்தார். திரையில் நினைத்த இடத்தில் எழுத்தை வைக்க உதவும் நிரல் தொகுப்பு அவருடையது. படம் என்று எதுவும் கிடையாது. மின்னஞ்சல் முகவரியில் நடுவே வருமே, அந்த '@' குறிதான் நாயகன். ஏ முதல் இசட் வரையிலான 26 ஆங்கில எழுத்தும் 26 வகை அரக்கர்கள். நாயகன் நிலவறைக்குள் ஒவ்வொரு தளமாக இறங்கிப்போய், கீழே 26-ம் தளத்தில் இருக்கும் ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். பெர்க்லி யூனிக்ஸோடு சேர்ந்து இது பல பல்கலைக்கழகங்களுக்குப் போய், மாணவர்களின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது.

இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். நிலவறை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக அமையும். போன முறை பார்த்த வழி இந்த முறை உதவாது. வழியில் கிடைக்கும் மருந்துகளும் ஏட்டுச்சுருள்களும் என்ன செய்யும் என்பது குடித்துப் பார்த்தால், படித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று காயத்தை ஆற்றலாம், ஒன்று கண்ணைக் குருடாக்கலாம். நாயகனுக்குப் பசிக்கும், உணவு குறைவு, ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கடைசியாக, செத்தால் செத்ததுதான். ஆட்டத்தைப் பாதியில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் மறுநாள் திறந்ததும் அந்தச் சேமிப்புக் கோப்பு அழிந்துவிடும். செத்த பிறகு திரும்பிப் போக இடமில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் இவை நான்கு விதிகள். எதையாவது ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். சாவை எடுத்துவிட்டால், மருந்தைக் குடிக்கும் முன் சேமித்து வைத்துவிட்டுக் குடிக்கலாம். விஷமென்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மருந்தின் மர்மம் அந்த நிமிடமே செத்துப்போகும். நிலவறை மாறுவதை எடுத்துவிட்டால், செத்துச் செத்து முதல் தளத்திலிருந்து ஒரே பாதையை மனப்பாடம் செய்யும் தண்டனையாகிவிடும். பசியை எடுத்துவிட்டால், ஒவ்வொரு தளத்திலும் காயம் ஆறும்வரை சுவரோரம் சாய்ந்திருப்பதுதான் உத்தமமான ஆட்டம், அதாவது ஆட்டமே இல்லை. ஒன்று மற்றதைத் தாங்கி நிற்கிறது. ஒரு ஜானரின் இலக்கணம் இதுதான் என்பது என் கட்சி: எந்த அம்சத்தை எடுத்தால் மற்ற அம்சங்கள் பொருளிழக்கின்றனவோ அதுவே வகையை நிறுத்தும் அம்சம். எடுத்தாலும் மாற்றினாலும் மற்றவை அசையாமல் இருந்தால் அது அலங்காரம்.

ரோக்கின் வழியில் வந்தவற்றை ரோக்லைக் என்று சொல்வார்கள். நெட்ஹேக், ஆங்பேண்ட், ஏடம் என்று ஒரு பரம்பரையே உருவானது. 2008-ல் இந்த விளையாட்டுகளை எழுதுபவர்கள் பெர்லின் நகரத்தில் கூடி, எது ரோக்லைக் என்று ஒரு வரையறை செய்தார்கள். பெர்லின் விளக்கம் என்று அதற்குப் பெயர். முக்கியமான அம்சங்கள் ஒரு பட்டியல்: களம் தற்செயலாக அமைவது, மீளாச் சாவு, முறை வைத்து ஆடுவது, கட்டம் கட்டமாக நகர்வது, பொருளைச் சிக்கனமாகக் கையாள்வது, இப்படி. அவ்வளவு முக்கியமில்லாதவை இன்னொரு பட்டியல்: நிலவறை, எழுத்தாலான திரை, வெளிப்படையாகத் தெரியும் எண்கள், இப்படி. சில அம்சங்கள் இல்லாவிட்டாலும் ரோக்லைக்காக இருக்கலாம், சில இருந்துவிட்டால் மட்டும் ரோக்லைக் ஆகிவிடாது என்று அவர்களே சொல்லியும் வைத்தார்கள். யாப்பிலக்கணத்தில் புறனடை எழுதுபவர்களின் அதே எச்சரிக்கை.

வேடிக்கை என்னவென்றால், அதே 2008-ல் டெரெக் யூ என்பவர் 'ஸ்பெலங்கி'யை வெளியிட்டார். முறை வைத்து ஆடுவது கிடையாது, கட்டம் கிடையாது. மாரியோ மாதிரி ஓடித் தாண்டிக் குதிக்கும் விளையாட்டு. பெர்லின் பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டால் பாதியில் தேறாது. ஆனால் குகை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைகிறது, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ரொம்ப நேரம் ஓரிடத்தில் நின்றால் ஒரு பேய் துரத்த வரும். ரோக்கில் பசி செய்த வேலையை இங்கே பேய் செய்கிறது! பட்டியலைப் பார்க்காமல், அம்சங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முடிச்சைப் பார்த்தவர் டெரெக் யூ. அதே முடிச்சை 2019-ல் முழுமையாக வெளியான 'ஸ்லே தி ஸ்பையர்' சீட்டுக்கட்டில் போட்டது. 2024-ல் 'பலாட்ரோ' போக்கர் சீட்டில் போட்டது. 2020-ல் வந்த 'ஹேடிஸ்' சாவையே கதைக்கு உதவியாக்கியது: நரகத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் இளவரசன் ஒவ்வொரு முறை சாகும்போதும் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து சேருவான், வீட்டார் அவனோடு புதிதாக ஏதாவது பேசுவார்கள், சேர்த்து வைத்ததைக் கொண்டு அடுத்த முறை கொஞ்சம் பலத்தோடு கிளம்பலாம். இதையெல்லாம் ரோக்லைக் என்று சொல்லக் கூடாது, ரோக்லைட் என்று சொல்ல வேண்டும் என்று பழையவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஹேடிஸ் விஷயத்தில் மட்டும் பழையவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. சாவதால் பலம் கூடுமென்றால் சாவின் எடை குறைந்துவிட்டது, முடிச்சு இளகிவிட்டது. பலாட்ரோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஓர் அம்சத்தை எடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு பேரனின் போனுக்கு வருவோம். பி.ஜி.எம்.ஐ. என்பது பப்ஜியின் இந்திய வடிவம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தபின் 2021-ல் வந்தது. அதையும் கால் ஆஃப் டியூட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் துப்பாக்கிதானே என்று தோன்றும். ஆனால் கால் ஆஃப் டியூட்டியின் வழக்கமான ஆட்டத்தில் செத்தால் சில நொடிகளில் மறுபடி எழுந்து வந்துவிடலாம். பப்ஜியின் மூல ஆட்டத்தில் 100 பேர் வெறுங்கையோடு ஒரு தீவில் குதிக்கிறார்கள்; வீடு வீடாக நுழைந்து ஆயுதம் பொறுக்குகிறார்கள், பையன்கள் பாஷையில் லூட்; ஓர் உயிர்தான்; பாதுகாப்பான வட்டம், அதாவது சோன், சுருங்கிக்கொண்டே வருகிறது. சோனை எடுத்துவிடுங்கள்: நூறு பேரும் குளியலறையில் ஒளிந்துகொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். ஓர் உயிர் என்பதை எடுத்துவிடுங்கள்: பொறுக்கிச் சேர்த்த லூட்டுக்கு மதிப்பிருக்காது. ஆனால் துப்பாக்கியை எடுத்துவிட்டால்? ஒன்றும் ஆகாது! 2019-ல் நின்டெண்டோ 'டெட்ரிஸ் 99' என்று வெளியிட்டது. மேலிருந்து விழும் கட்டிகளை அடுக்கும் அதே பழைய டெட்ரிஸ். 99 பேர் ஒரே நேரத்தில் ஆடி, கடைசியாக மிஞ்சுபவர் வெல்வார். 2020-ல் 'ஃபால் கைஸ்' வந்தபோது அதில் 60 பொம்மைகள் தடுக்கி விழுந்து உருண்டு, சுற்றுக்குச் சுற்று கழிந்து போயின. இந்த வகைக்கு பேட்டில் ராயல் என்று பெயர். 2000-ல் வந்த ஒரு ஜப்பானியத் திரைப்படத்தின் தலைப்பு அது. துப்பாக்கி அதில் விருந்தாளி மட்டுமே.

பெற்றோர் கூட்டங்களில் பப்ஜியை வன்முறை விளையாட்டு என்று திட்டுபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. பையனைப் பிடித்து வைத்திருப்பது ரத்தம் அல்ல. அரை மணி நேரம் சேர்த்தது அடுத்த நொடியில் போகலாம் என்ற பதைப்பு. சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவதற்கும் அதுதான் காரணம். நடுவில் நிறுத்திவைக்க முடியாத விளையாட்டு அது.

க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் விஷயம் சுவாரசியமானது. 2012-ல் பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் வெளியிட்டது. கடையில் அதற்கு ஸ்ட்ராட்டஜி என்று முத்திரை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் ஸ்ட்ராட்டஜி என்றால் இரண்டும் எப்படி ஒரே குடும்பம் ஆகும்? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நாம் யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் எதிரி மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான். இந்த வகைக்கு அச்சாக அமைந்த 1992-ன் 'ட்யூன் 2' தொட்டே அப்படித்தான். கொரியாவில் இதே வகையைச் சேர்ந்த ஸ்டார்க்ராஃப்ட் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் கட்டளை தட்டுவார்கள். 1991-ல் வந்த சிட் மேயரின் 'சிவிலைசேஷன்' இதற்கு நேர் எதிர். உங்கள் முறை வந்தால் காபி குடித்துவிட்டு வந்துகூட காய் நகர்த்தலாம். இரண்டிலும் சாம்ராஜ்யம்தான் கட்டுகிறோம், ஆனால் நேரத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது வேறு. அதனால் வகை வேறு. க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் இரண்டிலும் சேராது. சண்டையில் படையை இறக்கிவிட்டால் பெரும்பாலும் அவர்களே போய் அடித்துக்கொள்வார்கள். கட்டடத்தைத் தரம் உயர்த்த மணிக்கணக்கில், பிற்பாடு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ரத்தினக் கற்களைச் செலவழித்து முடிக்கலாம். கற்களைக் காசு கொடுத்து வாங்கலாம். காத்திருப்பை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் நிற்பது எதுவும் இல்லை, வியாபாரமும் நிற்காது. ஆக அதன் உரிப்பொருள் இருத்தல். முல்லைத்திணை என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம். தலைவன் வரமாட்டான், கட்டணம்தான் வரும்.

ஜென்ஷின் இம்பாக்டையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.பி.ஜி. என்ற பெயருக்கு 1974-ல் அமெரிக்காவில் மேஜைமேல் ஆடிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தாய்வீடு. ஒரு பாத்திரத்தை ஏற்று, அனுபவப் புள்ளி சேர்த்து, லெவல் ஏறி, பலம் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அங்கிருந்து வந்தது. ஒரு காலத்தில் அந்த லெவல் ஏற்றம் அந்த வகைக்கே உரியதாக இருந்தது. 2007-ல் கால் ஆஃப் டியூட்டியின் நான்காம் பாகமே தன் பலர் ஆடும் ஆட்டத்தில் லெவலையும் லெவலுக்கு ஒரு பரிசையும் வைத்துவிட்டது. அதன்பிறகு உடற்பயிற்சி ஆப்பிலும் லெவல், மொழி கற்கும் ஆப்பிலும் லெவல். எல்லாவற்றிலும் இருக்கும் அம்சம் எதையும் வரையறுக்காது. ஆர்.பி.ஜி. என்ற முத்திரையைக் கண்டால் இன்று எனக்கு ஒன்றும் புரிவதில்லை. ஜென்ஷினைப் பொறுத்தவரை புதிய பாத்திரங்கள் பெரும்பாலும் கிடைப்பது காச்சா என்ற குலுக்கல் மூலம். காசு போட்டுக் குலுக்கலாம், நினைத்தவர் வரலாம், வராமலும் போகலாம். கடை முத்திரையில் இந்தக் குலுக்கல் இருக்காது. தாத்தாக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அம்சம் அதுதான்.

சான் ஆண்ட்ரியாஸுக்கு ஆக்‌ஷன்-அட்வென்ச்சர் என்று போட்டிருப்பார்கள். கார் ஓட்டலாம், சுடலாம், ஜிம்முக்குப் போகலாம், சும்மா ஊர் சுற்றலாம். ஒன்றை எடுத்தாலும் மற்றவை அசையாது. என் சோதனையில் இது தோற்றுப்போகும் விளையாட்டு, அல்லது என் சோதனை இதனிடம் தோற்கிறது. எங்கே வைப்பதென்று தெரியாத எதையும் போட்டு வைக்கும் பரண் அந்த முத்திரை. அதற்குமேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல ஆசை. திகில் என்பது உணர்ச்சியின் பெயர். அதை வைத்து ஒரு ஜானர் இருக்கிறதே, அங்கே என் வாதம் உடைகிறதே என்று யாராவது கேட்கலாம். 1996-ல் கேப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' ஷின்ஜி மிகாமி இயக்கியது. சர்வைவல் ஹாரர் என்ற பெயரே அதனோடுதான் பரவியது. பேய் பங்களா, அழுகிய பிணங்கள், எல்லாம் உண்டு. ஆனால் பயம் அங்கிருந்து வரவில்லை. நாயகன் கிறிஸ் ஆறே பொருள்தான் சுமக்கலாம், நாயகி ஜில் எட்டு. சாவியை எடுத்தால் மருந்தை விட வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்கக்கூடத் தட்டச்சு இயந்திரத்தின் மை நாடா வேண்டும். அதுவும் எண்ணிக்கைக்குத்தான் கிடைக்கும். கேமரா ஓரிடத்தில் அசையாமல் நிற்பதால் மூலை திரும்பினால் என்ன என்பது தெரியாது. 2005-ல் அதே மிகாமி இயக்கிய நான்காம் பாகத்தில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் வந்தது, தோட்டா தாராளமாகக் கிடைத்தது. பிரமாதமான விளையாட்டு, ஆனால் பலரும் அதை ஆக்‌ஷன் என்றே எண்ணினார்கள். 2017-ல் ஏழாம் பாகம் கேமராவை நாயகனின் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோய், தோட்டாவைக் குறைத்தது, திகில் திரும்பியது. மூன்றிலும் கொடூர உருவங்கள் உண்டு. பயமுறுத்தியது பற்றாக்குறை.

இனி உங்கள் பக்கத்து வேலை. பேரனிடம் எந்த விளையாட்டைப் பற்றியும் மூன்று கேள்வி கேளுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் உன் விரல் என்ன செய்கிறது? தோற்றால் உனக்கு எது போகும்? நடுவில் பத்து நிமிடம் போனைக் கீழே வைத்தால் என்ன ஆகும்? பதில் சொல்லச் சொல்ல, கடைக்காரன் ஒட்டிய முத்திரையைவிடத் தெளிவான வகை உங்களுக்கே கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு அவன் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விளையாடிப் பார் என்று அவன் சொன்னதையும் தட்டிக்கழிக்க வேண்டாம். அவன் போனிலுள்ளவை உங்கள் வயதுக்கு வேகம் அதிகம். ரோக் அப்படியல்ல; நீங்கள் ஒரு விசையை அழுத்தும்வரை எந்த அரக்கனும் நகரமாட்டான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது, பேரன் ஏற்றித் தருவான். முதல் முறை ஐந்தாம் தளத்தைத் தாண்டிவிட்டால் அவசியம் எனக்கு எழுதுங்கள். தாண்டுபவர்கள் அதிகம் இல்லை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்